யோசிக்கச் சம்பளம் கிடையாது

மனிதகுல வரலாற்றில் வாயை மிகச் சரியாகப் பயன்படுத்தியவர் எங்கள் சித்தப்பாதான். இத்தனை வருட உழைப்பில் முதலாளியிடம் அவர் பேசிய ஒரே வார்த்தை, "சரிங்க." மீதி நேரமெல்லாம் அந்தச் சாதனையைப் பற்றி எங்களிடம் பேசினார். அவர் எங்களில் யாருக்கும் உறவில்லை, சலவைக்கூடத்துக்கே சித்தப்பா.

விடியும் முன்பே விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வந்து குவியும். யார் யாரோ தூங்கிக் கசக்கியதை நாங்கள் தூங்காமல் வெளுப்போம். நீராவியில் கண் எரியும், சோப்புக் காரத்தில் விரல்நுனி வெடிக்கும். ஈர விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கும் இரும்பு உருளைக்குள் கொடுக்க வேண்டும். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி இருந்தது. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்றது. நிற்பது முதலாளிக்கு ஆகாது. கம்பியைக் கழற்றிவிட்டார்.

தினமும் காலையில் வந்து, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். பதில் வருவதற்குள் காருக்குள் இருப்பார். இதற்குப் பெயர் ஜனநாயகம்.

ஞானியக்கா மட்டும் உருளை ஓடும் முன் அதன் எதிரே சற்று நேரம் சும்மா நிற்பாள். ஞானி என்பது சித்தப்பா வைத்த பட்டம். கன்னத்தில் கைவைத்து, கூரையைப் பார்த்து, அவளைப் போலவே நின்று காட்டுவார். நாங்களும் வெட்கமில்லாமல் சிரிப்போம். ஒருநாள் அவள் கார் வரைக்கும் பின்னாலேயே போய், கம்பியை மாட்டச் சொன்னாள். தப்பென்று தெரிந்தும் பேசாமலிருந்தால் ராத்திரி சோறு இறங்கவில்லை என்றாள்.

"யோசிக்கிறதுக்காம்மா சம்பளம் தர்றேன்?" என்றார் முதலாளி.

"சரிங்க" என்றார் சித்தப்பா. அவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம், எங்களோடு விரிப்புப் பிடிக்கும் நெட்டையனின் கை துணியோடு உள்ளே போயிற்று. விரல்களின் தோல் உருளையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் முதலாளி எங்களைக் கூட்டி மிகுந்த வருத்தத்தோடு அறிவுரை சொன்னார்.

"வேலை செய்யும்போது கொஞ்சமாவது யோசிக்க வேணாமா?"

ஞானியக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள்.

"யோசிச்சாச்சுங்க. கம்பியை மாட்டுங்க. அதுவரைக்கும் இதுல நான் துணி விடமாட்டேன்."

"நீ போனா வாசல்ல பத்துப் பேரு நிக்கிறான்."

எட்டிப் பார்த்தோம். அவருடைய கார்தான் நின்றது.

சுவிட்ச் சித்தப்பாவின் பொறுப்பு. "போடுய்யா" என்றார் முதலாளி. சித்தப்பா கையைத் தூக்கினார். உருளையின் ஓரத்தில் நெட்டையனின் சட்டைத் துணுக்கு கருகி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு சுவிட்சை விட்டு வந்து உருளைக்கு எதிரே நின்றார். தூக்கிய கை கன்னத்துக்குப் போயிற்று. கண் கூரைக்குப் போயிற்று.

"என்னய்யா பண்றே?"

"யோசிக்கிறேங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஞானியக்கா சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். கம்பி இன்னும் வரவில்லை, முதலாளி கத்திக்கொண்டிருந்தார். ஈர விரிப்புகளை அப்படியே போட்டுவிட்டு நாங்களும் வந்து நின்றோம். இடம்தான் போதவில்லை.