நிமிடத்துக்கு ஒரு படம்

எங்கள் துறையின் இணையப் பக்கத்தில் என் படத்துக்குக் கீழே, நான் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை ஆராய்கிறேன், ஓய்வில் மலையேறுவேன் என்று போட்டிருக்கிறது. முதலாவது உண்மை. இரண்டாவது எட்டு மாதப் பொய். கூட மலையேற ஒருத்தன் இருந்தான், அவனையே கட்டிக்கொண்டேன். இப்போது அவன் ஒரு மலையுச்சியில் தொலைநோக்கியை இயக்கும் வேலையில் இருக்கிறான். இரண்டு விமானம், ஒரு ஜீப் தூரம். ஆய்வேடு முடியும்வரை எனக்கு லீவு கிடையாது.

அதனால் அந்தத் தொலைநோக்கியில் நான்கு இரவுகள் கேட்டு விண்ணப்பித்தேன். ஆராய்ச்சியில் பொய் இல்லை. 'நேரில் வர வேண்டுமா?' என்ற கட்டத்தில்தான் டிக் அடித்து, கருவியை நானே சரிபார்க்க வேண்டுமென்று ஒரு பத்தி கதை அளந்திருந்தேன். அவன் அங்கே இருப்பது என் ஆய்வை வழிநடத்தும் சாருக்குத் தெரியாது. தெரிந்தால், புருஷனைப் பார்க்கத்தான் நட்சத்திரத்தைச் சாக்கு சொல்கிறாள் என்று நினைப்பார். சரியாகத்தான் நினைப்பார்.

விண்ணப்பம் தேறியது. பரணிலிருந்து பூட்ஸை இறக்கித் தூசி தட்டினேன்.

"பின்பக்கப் பாதையில ஏறலாம். தண்ணி நீ தூக்கு," என்றான் போனில்.

"போன தடவையும் நான்தான் தூக்குனேன்."

மறுநாள் சார் கூப்பிட்டார். முகமெல்லாம் பல். "அந்த டிக்கை நான் எடுத்துட்டேன்மா. நாலு ராத்திரிக்கு எதுக்கு அவ்வளவு அலைச்சல்? இங்கேருந்தே கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்."

நல்ல மனுஷர். அவர்மேல் எப்படி எரிந்து விழுவது? "சரி சார்" என்று வந்துவிட்டேன்.

ஒரு மாலை நான்கு மணிக்கு இணைப்பைச் சோதித்தோம். அங்குள்ள வானிலைக் கேமரா நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும். தொலைநோக்கி இருக்கும் கூண்டு, வேலி, பின்னால் ஏறும் பாதை, எல்லாவற்றின் மேலும் அழுக்கு.

"கேமராவைத் துடைக்கச் சொல்லும்மா," என்றார் சார். செய்தி அனுப்பினேன்.

அடுத்த படத்தில் ஏணியோடு அவன். தாடி வளர்த்திருக்கிறான், என்னிடம் சொல்லவேயில்லை. அதற்கடுத்த படத்தில் திரை முழுக்க அவன் உள்ளங்கை. துணி எடுத்துவர மறந்திருப்பான், சோம்பேறி. ஒரு நிமிடம் அது அப்படியே நின்றது. அவன் வேண்டும் போலிருந்தது. சார் பக்கத்தில் இருப்பதையும் மறந்து திரையில் கை வைத்தேன்.

படம் மாறியது. பாதை பளிச்சென்று இருந்தது, ஆள் இல்லை.

"நான் அங்க போகணும் சார்," என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "எதுக்கும்மா? இங்கேருந்தே எல்லாம் நல்லாத் தெரியுதே."