முனிசாமி குழுவின் பரிந்துரை

ஒன்பதாம் வகுப்பில் யார் பெரிய பயந்தாங்கொள்ளி என்று கேட்டிருந்தால், முப்பத்திரண்டு பேரில் ஒருத்தர்கூடக் கல்பனாவின் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். வாயாடி என்பார்கள். கல்பனா பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள் என்பார்கள். அவ்வளவு பேச்சும் பயத்தில் பேசுகிற பேச்சு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். கல்பனாவுக்குப் படிக்க வராது. எழுத்து தெரியும். ஒவ்வொன்றாகக் கூட்டி, உதட்டுக்குள் சொல்லி, ஒரு வரியை முடிப்பதற்குள் அந்த வரியின் தொடக்கம் மறந்துபோகும். அவள் நான்காம் வகுப்புக்குப் போக வேண்டிய வருஷம் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். கீழே ஊர்ப் பிள்ளைகள் போனில் பாடம் கேட்டார்களாம். இங்கே ஜவ்வாது மலையில் ஒரு கோடு சிக்னலுக்கே பாறைமேல் ஏற வேண்டும். அவள் ஆடு மேய்த்தாள், சாமைக்குக் களை எடுத்தாள். மறுபடி உட்கார்ந்தபோது ஐந்தாம் வகுப்பு என்றார்கள், கண்மூடித் திறப்பதற்குள் ஆறு என்றார்கள். நடுவில் போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதன் பிறகு வருஷா வருஷம் பாஸ்தான்.

காது மட்டும் அவளுக்குக் கெட்டி. ஒரு தடவை கேட்டது அப்படியே நிற்கும். பரீட்சையில் கேள்வியில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், கேட்டதை எழுத்துக்கூட்டி எழுதிவிடுவாள். பிழை நிறைய இருக்கும். யார் பேப்பரில் பிழை இல்லை?

லீவுக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பா ஒரே பல்லவிதான் பாடுவார். "படிப்பு ஏறலன்னா சொல்லிடும்மா. அக்கா கூட மில்லுக்குப் போய்டு. சும்மா அங்க குந்திக்கினு இன்னா பண்ணப் போற?" அக்கா திருப்பூர்ப் பக்கம் போய் மூன்று வருஷமாகிறது. கல்பனாவுக்கு இந்த உண்டு உறைவிடப் பள்ளி பிடித்திருந்தது. நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லாத ஆசை ஒன்றும் இருந்தது. படிக்க வராதவள் என்று தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சு. அடுத்த ஜீப்பிலேயே வீட்டுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

போன வருஷம் வரை தொல்லை இல்லை. சார் வாசிப்பார், பிள்ளைகள் கோடு போடுவார்கள், பாதிப் பேர் தூங்குவார்கள். தலைமறைவாக இருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஜூன் மாதம் போளூரிலிருந்து ஷோபனா டீச்சர் வந்து சேர்ந்ததும் அந்தச் சொர்க்கம் முடிந்தது. சமூக அறிவியல் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இத நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க எல்லாரும் கெழவங்க ஆயிடுவீங்க" என்றார். வகுப்பை நாலு நாலு பேராகப் பிரித்தார். ஒவ்வொருவருக்கும் நம்பர். பாடத்தை நாலு துண்டாக்கி நம்பருக்கு ஒன்று. எட்டுக் குழுவிலும் இருக்கும் மூன்றாம் நம்பர்கள் முதலில் ஒரு மேசையில் கூடி, தங்கள் துண்டைச் சத்தமாக வாசித்துப் பேசிக்கொள்ள வேண்டும். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்ற மூன்று பேருக்குச் சொல்லித்தர வேண்டும். பரீட்சையில் நாலு பேர் வாங்குவதைக் கூட்டி வகுத்து நாலு பேருக்கும் ஒரே மார்க்.

முதல் வாரம் கல்பனாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் அந்த மேசையின் அருமை தெரிந்தது. எட்டுப் பேரில் யாராவது ஒருவர் வாசிப்பார், இவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழுவுக்கு வந்து கொட்டுவாள். அருள், தமிழரசி, சுவேதா மூன்று பேரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். குழுவில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. அடுத்தவர் துண்டில் யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லித்தருகிறவரை நம்ப வேண்டும். தமிழரசி போட்ட சட்டம் அது. கல்பனாவுக்கு அது வரமாக அமைந்தது.

பக்கத்து அறையில் தலைமையாசிரியர் தாண்டவராயன் இருந்தார். அவருக்குச் சத்தம் ஆகாது. ஒரு திங்கட்கிழமை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாம்மா இது, வகுப்பா வாரச்சந்தையா?" என்றார். ஷோபனா டீச்சர் முகம் சுண்டிவிட்டது. "இன்னிக்கு மேசை வேணாம். அவங்கவங்க துண்ட பத்து நிமிஷம் மனசுக்குள்ளயே படிங்க. அப்புறம் மெதுவாப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

பாடம் மண்ணரிப்பு. தடுக்கும் முறைகள் மூன்றாம் நம்பருக்கு.

பத்து நிமிஷம். சுற்றிலும் தாள் புரளும் சத்தம். கல்பனா விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஊர்ந்தாள். மூன்று வரி தேறியது, அதில் ஒன்று தலைப்பு. உள்ளங்கை வியர்த்துப் பக்கத்தில் ஈரம் பட்டது. தலைவலி என்று சொல்லிவிடலாமா? சொன்னால் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சரி நாம ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம் என்பார். அதைவிடச் சாவு வேறு இல்லை.

"நேரம் முடிஞ்சுது, மூணாம் நம்பர்" என்றாள் தமிழரசி.

பக்கத்தில் ஒரு படம் இருந்தது, படிப்படியாக வெட்டிய மலைச்சரிவு. அதைப் பார்த்ததும் கல்பனாவின் வாய் தானாகத் திறந்தது. சரிவில் ஏர் ஓட்டக் கூடாது, கொத்தித்தான் விதைக்க வேண்டும், அதற்குக் கொத்துக்காடு என்று பெயர். மரத்தை வெட்டினாலும் வேரைத் தோண்டக் கூடாது. தழையையும் முள்ளையும் குறுக்கே போட்டு, அதன்மேல் கல் அடுக்க வேண்டும். மூன்று போகம் எடுத்தால் இரண்டு வருஷம் சும்மா விட வேண்டும். எல்லாம் தாய்மாமன் முனிசாமியின் காட்டில் கண்ணால் பார்த்தது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது. புத்தகம் இப்படியா பேசும்? புத்தகம் என்றால் ஒரு வருஷம் இருக்கும், ஒரு குழு இருக்கும், அந்தக் குழு எதையாவது பரிந்துரைக்கும். இத்தனை மாதமாகக் காதால் படித்தவளுக்கு அது தெரியாதா?

"இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தி நாலுல முனிசாமி குழு பரிந்துரை பண்ணது" என்று முடித்தாள்.

சுவேதா வருஷத்தை வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் வந்த ஷோபனா டீச்சர் நாலு தலைகளும் ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

விடுதியில் யாரிடமாவது அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் ஊருக்கே சொல்லித்தருகிறவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்? இரண்டு நாளும் இந்தக் கேள்வி மட்டும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கிடந்தாள். புதன்கிழமை தேர்வில் முதல் கேள்வியே அதுதான். தலைமையாசிரியரே கேள்வித்தாள் தயாரித்திருந்தார். இந்தக் கூடிப்பேசும் வகுப்பின் லட்சணத்தைப் பார்க்கிறேன் என்று திருத்தவும் அவரே உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் நாலு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் நாலு விடைத்தாள், நாலிலும் ஒரே இடத்தில் சிவப்பு வட்டம். ஷோபனா டீச்சர் சுவரோரம் நின்றிருந்தார்.

"முனிசாமி குழு" என்று தாண்டவராயன் ஒவ்வொரு எழுத்தாக ருசித்துச் சொன்னார். "முப்பது வருஷமா வாத்தியாரா இருக்கறேன், நான் கேள்விப்படாத குழு. நாலு பேரும் அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க. எந்தத் துண்டுச்சீட்டு? யார் கொண்டாந்தது?"

"புக்குல இருக்குது சார்" என்றாள் தமிழரசி, துளிகூடத் தயங்காமல்.

"இல்ல. நான் வரி வரியாப் பாத்துட்டேன். காப்பி அடிச்சது போதாதுன்னு பொய் வேற. வெளிய போய் நில்லுங்க. உண்மை வந்தா வகுப்பு, வரலன்னா நாலு பேருக்கும் டி.சி." டீச்சர் பக்கம் திரும்பினார். "உங்க நாலு நாலு பேர் விளையாட்டும் இன்னியோட முடிஞ்சுதும்மா."

கொடிக்கம்பத்தடியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் தன்மேல் பாய்வார்கள் என்று கல்பனா காத்திருந்தாள். அவர்கள் பாயவில்லை. அவளைச் சந்தேகப்பட அவர்களுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை.

"அவரு பழைய புக்க பாத்திருப்பாரு" என்றாள் சுவேதா.

"எடுத்துக் காட்டிட்டா முடிஞ்சுது. அருளு, ஓடிப்போய் புக்க எடுத்தாடா" என்றாள் தமிழரசி.

ஒல்லிப்பிச்சான் அருள், பேச்சில் மட்டும் பெரிய ஆள், என்ன காரணமோ நகரத் தயங்கினான். தமிழரசி முதுகில் ஒன்று வைத்ததும் போனான். திரும்பி வந்து புத்தகத்தைக் கல்பனாவிடம் நீட்டினான். "உன் துண்டு. நீயே எடு."

கல்பனா பக்கத்தைத் திறந்தாள். படம் தெரிந்தது. படத்தைச் சுற்றி எறும்பு மொய்த்ததுபோல எழுத்து. மூன்று பேரும் அவள் விரலையே பார்த்தார்கள். டி.சி., ஜீப், மில், அக்கா அங்கிருந்து அனுப்பிய போட்டோவில் கறுத்துக் குழிவிழுந்த கண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஓடிவிடலாம் என்று நினைத்தாள். ஓடினால் இவர்கள் மூன்று பேரும் காப்பி அடித்தவர்களாகவே வீட்டுக்குப் போவார்கள். தமிழரசியின் அம்மா கன்னியம்மாள் மகள் முதல் மார்க் என்று சந்தைக்குச் சந்தை சொல்லிக்கொண்டு திரிகிறவள்.

"எங்க, கெடச்சுதா உங்க முனிசாமி?" தாண்டவராயன் வாசற்படியில் வந்து நின்றார். பின்னால் ஷோபனா டீச்சர்.

"அது என் மாமன் சார்" என்றாள் கல்பனா.

"இன்னாது?"

"முனிசாமி எங்க மாமன் சார். குழுவெல்லாம் இல்ல. நாந்தான் சொன்னேன். புக்குல இருக்குதுன்னு நம்பி இவங்க எழுதிட்டாங்க. எனக்கு..." புத்தகத்தைக் கீழே இறக்கினாள். "எனக்குப் படிக்கத் தெர்ல சார்."

தமிழரசி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கல்பனாவால் தாங்க முடியவில்லை.

தாண்டவராயன் சிரித்தார். "கூட்டாளிங்கள காப்பாத்த நாடகமா? வகுப்புலயே பெரிய வாயி உன் வாயி. எங்க, வாசி பாக்கலாம்."

அவள் வாசித்தாள். "ச... ரி... வா... ன..." அடுத்த சொல்லில் ஒற்று வந்து இடறியது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு வரிக்கு அத்தனை நேரம் பிடித்தது. கண்ணீர் மூக்கில் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை. தாண்டவராயனின் சிரிப்பு எப்போது நின்றது என்று அவள் பார்க்கவில்லை. ஷோபனா டீச்சர் கையை வாய்மேல் வைத்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்திலிருந்து இந்தப் பெண்ணைத்தான் மற்ற வகுப்பு ஆசிரியர்களிடம் எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றார் தாண்டவராயன். குரல் இறங்கியிருந்தது. இறங்கிய குரல் அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது, உடனே மற்றவர்கள்மேல் பாய்ந்தார். "சரி, இவ கதை வுட்டா. உங்க மூணு பேருக்கும் கண்ணு இல்ல? புக்கு முன்னாடிதான இருந்துச்சு? ஒருத்தர்கூடவா தொறந்து பாக்கல? டேய் அருளு, அவ விட்ட எடத்துலேந்து நீ வாசிடா."

கல்பனாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அருளிடம் திணித்தார்.

அருள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. "சார், நான் காப்பிதான் அடிச்சேன்" என்றான்.

"பாத்தீங்களாம்மா! நான் சொல்லல?"

"கல்பனா பேப்பரப் பாத்துதான் எழுதினேன் சார். முன்னாடி பெஞ்சு அவ. எழுத்து எழுத்தாப் பாத்து வரைஞ்சேன்."

"வரைஞ்சியா?" என்றார் தாண்டவராயன்.

ஷோபனா டீச்சர் ஒரு படி இறங்கி வந்தார். "சார், இன்னிக்கு வேணாம். அவன விட்டுடுங்க சார்" என்றார். அவர் குரலில் இப்போது பயம் இருந்தது. கல்பனாவுக்குப் பழக்கமான பயம். வகுப்பில் முப்பத்திரண்டு பேரும் ஒரே வருஷம் வீட்டில் கிடந்தவர்கள்தான் என்று அவரும் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

தாண்டவராயன் வாசற்படியில் உட்கார்ந்தார். வேட்டி மண்ணில் புரண்டது. ஐந்தாம் வகுப்பிலிருந்து அத்தனை தேர்ச்சிப் பட்டியலிலும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

அருளை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவன் மெல்ல நகர்ந்து கல்பனாவின் தோளோடு ஒட்டி நின்றான். புத்தகத்தில் அவள் விட்ட இடத்தில் விரலை வைத்தான்.

"இது இன்னா எழுத்து?" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

கல்பனாவுக்கு இன்னும் பயம் விடவில்லை. இருந்தாலும் குனிந்து பார்த்தாள்.

"நி" என்றாள்.

"நி" என்றான் அருள். விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினான்.