எண்பத்து நான்கு முட்டைகளும் ஒரு நகத்தளவுப் பலகையும்

முட்டை பொரிக்கும் பெட்டியின் பழைய கட்டுப்பாட்டுக் கருவி பத்தாம் நாள் புகைந்து செத்தது. உள்ளே எண்பத்து நான்கு முட்டைகள். அக்கா தையல் மிஷினை விற்று ஆரம்பித்த தொழில். முதல் ஈட்டில் பாதி கூழாகிவிட்டது. இதுவும் போனால் தொழிலுக்கு முழுக்கு என்று அக்காவின் வீட்டுக்காரர், மாமா, சொல்லிவிட்டார்.

தம்பி, கல்லூரியை விட்டு நின்றதிலிருந்து நோண்டிக்கொண்டிருந்த மின்னணுப் பலகையை எடுத்து வந்தான். கட்டைவிரல் நகத்தளவு. அதன் ஒரு முனையே யூஎஸ்பி துளைக்குள் நுழையும். ஆடாமலிருக்க அடியில் பழைய ஏடிஎம் கார்டின் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தான். அதில் ஓடியது ஃபோர்த் என்ற கணினி மொழி. லேப்டாப்பில் ஒரு சொல்லைத் தட்டினால் பலகை அந்த நொடியே அதைச் செய்யும். பெட்டிக்குள் சூடு தரும் பல்புகளுக்காக 'சூடேற்று', 'அணை' என்று இரண்டு சொற்கள் செய்தான். அவற்றைக் கோத்து, சூடு குறைந்தால் ஏற்றவும் மிஞ்சினால் அணைக்கவும் 'காவல்' என்று இன்னொன்று.

"இந்தப் பொடுசை நம்பியாடா இத்தனை முட்டையும்?"

"நம்புக்கா."

"உன்னையும்ல நம்பணும். அதான் யோசிக்கிறேன்."

எட்டு நாள், முப்பத்தேழரை டிகிரி இம்மி பிசகவில்லை. பலகையைச் செருகிய லேப்டாப், பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

பதினெட்டாம் நாள் பெட்டியை அடைத்தார்கள். இனி குஞ்சு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. ஈரம் போனால் ஓட்டோடு ஒட்டிச் சாகும். அன்று அவனுக்கு வெளியூரில் வேலைக்கு நேர்காணல். லேப்டாப் வேண்டும். பலகையைப் பிடுங்கி செல்போன் சார்ஜரில் செருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. கிளம்பிவிட்டான்.

மறுநாள் போனில் கேட்டான்: "சிவப்பு எரியுதாக்கா?"

"ஜம்முனு எரியுது."

"அப்ப கவலையே இல்ல."

மூன்றாம் நாள் திரும்பினான். வேலை கிடைக்கவில்லை. பெட்டியின்மேல் கை வைத்தான். சில்லென்றிருந்தது.

காரணம் உடனே உறைத்தது. சோதித்துப் பார்க்க வசதியாக, நிரலின் முதல் வரியில் அவனே எழுதியிருந்தான்: லேப்டாப் பேசும்வரை காத்திரு. சார்ஜர் என்ன பேசும்? இரண்டு நாளாகப் பலகை உத்தரவுக்குக் காத்துச் சும்மா கிடந்திருக்கிறது. மின்சாரம் வருகிறது என்பதற்குமேல் அந்தச் சிவப்பு விளக்குக்கு எதுவும் தெரியாது.

அக்கா ஒவ்வொரு முட்டையாக டார்ச்சின்மேல் வைத்துப் பார்த்தாள். எதிலும் அசைவில்லை. நாற்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"என்னைத் திட்டேன்க்கா."

"திட்டினா குஞ்சு வந்துடுமா? வாளியை எடு."

மாமா நிலைப்படியில் நின்று பார்த்தார். மண்வெட்டியைத் தேடி எடுத்து அவனிடம் நீட்டினார்.

புதைத்துவிட்டு வந்து அந்த வரியை அழித்தான். அரை நிமிட வேலை. மறுபடி சார்ஜரில் செருகினான். பெட்டிக்குள் பல்புகள் எரிந்தன. கொஞ்ச நேரத்தில் காலிப் பெட்டி முப்பத்தேழரையைத் தொட்டு அப்படியே நின்றது.

"இப்பப் பாருக்கா. சரியா ஓடுது."

"ஆமா, ஓடுது."

சுவிட்சை அணைத்தாள்.

"சூடு ஆறினதும் பல்பைக் கழட்டிக் குடு. சமையல்கட்டுல ஒண்ணு பியூஸ் போயிருக்கு."