வெறும் புல்வெளியாக இருந்த இடம்

எக்பர்ட்டின் வேலி இந்த வருஷமும் உயரம். எங்கள் தோட்டச் சங்கத்தில் வேலிச்செடி இடுப்புக்கு மேல் வளரக்கூடாது என்று விதி இருக்கிறது. யாருடைய இடுப்பு என்று ஒவ்வொரு வசந்தத்திலும் எக்பர்ட் கேட்பார்; சங்கத் தலைவியின் இடுப்பு, அதாவது என் இடுப்பு என்று நானும் ஒவ்வொரு வசந்தத்திலும் சொல்வேன். அந்தச் சனிக்கிழமை காலையும் அளவு நாடாவை அவர் வேலிமேல் வைத்திருக்க, அதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

"கொஞ்சம் நிமிந்து நில்லு தாயே, வேலி சரியாயிடும்."

"யோவ், கத்திரியை எடுய்யா. இல்லேன்னா அபராதம்."

அப்போதுதான் என் தோட்டத்து வாசலில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். நீல மழைக்கோட்டு, கையில் துணிப்பை, கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். என்னையும் பார்க்கவில்லை, எக்பர்ட்டையும் பார்க்கவில்லை. என் நாய் ஃபீட்டே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்காமல் கொள்ளாமல் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். எங்கள் தோட்டங்களில் அப்படி யாரும் செய்வதில்லை. அடுத்த தோட்டத்துக்காரன் கொட்டகை பற்றி எரிந்தாலும் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அவள் குந்தி உட்கார்ந்து, நாயின் கிண்ணத்திலிருந்த தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்தாள். அடியில் சேவல் முத்திரை இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஃபீட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"எங்க அம்மாகிட்ட இருந்துச்சு," என்றாள், தெரிந்த கொஞ்சம் ஜெர்மனில் திக்கித் திக்கி. "இதே கிண்ணம். இதே சேவல்."

சேவல் லோர்பெக் ஆலையின் முத்திரை. இப்போது அவர்கள் செய்கிற காபி இயந்திரங்களிலும் அதுதான் நிற்கிறது. நானே முப்பது வருஷம் அந்தச் சேவலை ஒட்டும் வரிசையில் உட்கார்ந்திருந்தவள். இந்தத் தோட்டங்களும் ஆலை தன் தொழிலாளர்களுக்குக் குத்தகைக்கு விட்டவைதான்.

அவளைக் கொட்டகைக்குள் உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். பெயர் ஹலினா. பொல்தாவா பக்கத்துக்காரி. உக்ரைனில் ஏவுகணைகள் விழ ஆரம்பித்தபோது பேருந்து பிடித்து வந்துவிட்டாள். எங்கே போகிறீர்கள் என்று எல்லையில் கேட்டபோது, ஜெர்மனியில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஓர் ஊர்ப் பெயர்தானாம். எங்கள் ஊர்ப் பெயர். அவள் அம்மா மோத்ரியா தூக்கத்தில் உளறுகிற பெயர் அது. பதினேழு வயதில் சந்தைக்குப் போன மோத்ரியாவை ஜெர்மன் சிப்பாய்கள் அப்படியே பிடித்துச் சரக்கு ரயிலில் ஏற்றி, கட்டாய வேலைக்கு இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். லோர்பெக் அப்போது அடுப்பும் பாத்திரமும் செய்வதை நிறுத்திவிட்டு நாஜிகளின் ராணுவத்துக்குப் பீரங்கிக் குண்டுக்கு உறை செய்துகொண்டிருந்தது. அதுவரை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். போர் முடிந்து மோத்ரியா வீட்டுக்குத் திரும்பிப் போனால், ஜெர்மன்காரன் ரொட்டியைத் தின்றவள் என்று சொந்த ஊர்க்காரர்களே காறித் துப்பியிருக்கிறார்கள். அதற்கப்புறம், கடைசிக் காலத்தில் மகளிடம் கொஞ்சம் சொன்னதைத் தவிர, அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சாகிறவரைக்கும் இங்கிருந்து கொண்டுபோன சேவல் கிண்ணத்தில்தான் சாப்பிட்டாளாம்.

"ஆலைல போய்க் கேட்டேன்," என்றாள் ஹலினா. "அம்மா எங்கே படுத்திருந்தாங்கன்னு. காபி கொடுத்தாங்க. சேவல் போட்ட தொப்பி கொடுத்தாங்க. எங்க நிலத்துல அந்த மாதிரி எதுவும் இல்ல, வேற எங்கயாவது இருந்திருக்கும்னு சொல்லிட்டாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அம்மா பொய் சொல்லல. ஆலைக்குப் பின்னாடி, ஓடையைத் தாண்டி, மரக் கொட்டாய்ங்க. எனக்குப் பணம் வேணாம். இடத்தைக் காட்டினா போதும். இங்கதான்னு ஒருத்தர் சொன்னா போதும்."

ஆலைக்குப் பின்னால், ஓடையைத் தாண்டி. நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே அதுதான்.

அந்தக் கிண்ணம் என் பீன்ஸ் பாத்தியில் கிடைத்தது. தோட்டம் எனக்கு வந்த முதல் வருஷமே கொத்தும்போது அகப்பட்டது. கழுவினேன், ஓட்டை இல்லை, நாய்க்கு வைத்தேன். இப்போதிருக்கிற நாய்க்கு முந்தைய நாயும் அதில்தான் குடித்தது. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேனா என்றால், யோசிக்க என்ன இருக்கிறது? இங்கே மண்ணைக் கொத்துகிற யாருக்கும் பொத்தான் கிடைக்கும், வளைந்த கரண்டி கிடைக்கும், மரச்செருப்பின் ஆணி கிடைக்கும். குடும்ப விருந்தில் மாமாவின் குடியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் இல்லையா, அதுபோல நாங்களும் பேசியதில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. மூன்று வாரத்தில் ஆலைக்கு நூற்றாண்டு விழா. எங்கள் தோட்ட நுழைவாயிலில் ஒரு வெண்கலப் பலகை வைக்கப்போகிறார்கள். 'வெறும் புல்வெளியாக இருந்த இந்நிலத்தை 1951-இல் லோர்பெக் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு அன்புடன் வழங்கியது.' திரையை விலக்கி நன்றி சொல்லவேண்டியவள் நான். வாசகத்தை முன்கூட்டியே எனக்கு அனுப்பியிருந்தார்கள். நான் ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பியிருந்தேன்! அதே மேடையில் அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்கான குத்தகையிலும் கையெழுத்து.

திங்கட்கிழமையே ஆலைக்குப் போனேன். ஸ்வென்யா லோர்பெக், நிறுவனரின் கொள்ளுப்பேத்தி, இப்போதைய தலைவி. நல்ல பெண். சின்னக் குழந்தையாக எங்கள் வரிசைக்கு ஓடிவந்து என் மடியில் உட்கார்ந்து சேவல் ஒட்டியவள். விஷயத்தைச் சொன்னேன். புல்வெளி என்கிற சொல்லை எடுத்துவிட்டு, அங்கே என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்று எழுதச் சொன்னேன்.

"ரோஸ்விதாம்மா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா ஆதாரம் வேணுமில்லையா? குண்டுவீச்சுல ஆபீஸ் மொத்தமும் எரிஞ்சு போச்சு. விழா முடியட்டும். ஆய்வாளர் ஒருத்தரை வச்சு நிதானமா பாப்போம். அன்னைக்கே குத்தகைக் கையெழுத்தும் நல்லபடியா முடிஞ்சிட்டா உங்க ஆளுங்களுக்கும் நிம்மதி."

என் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டேதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அது மிரட்டல் என்று எனக்கு உறைத்தது. உறைத்ததும் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆதாரமா வேண்டும்? ஆதாரத்தில்தான் நாங்கள் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறோம்.

மறுநாளிலிருந்து தோட்டம் தோட்டமாகப் போனேன். விழாவுக்கு வரும்போது மண்ணில் கிடைத்ததை எடுத்து வாருங்கள், மேஜையில் வைப்போம் என்று சொன்னேன். சிலர் புழுதான் கிடைத்தது என்றார்கள். சிலர் திடீரென்று அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாக ஞாபகம் வந்து ஓடினார்கள். எக்பர்ட் மட்டும் முகத்துக்கு நேராகப் பேசினார்.

"நீ பெரிய வீராங்கனை. பேசிட்டுப் போயிடுவே. குத்தகை போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"போகாதுய்யா."

"போகாதுன்னு நீ யாரு சொல்றதுக்கு?" வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி ஊர்சுலா கூடை நாற்காலியில் உட்கார்ந்து திராட்சைச் செடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நினைவு தப்பி நான்கு வருஷமாகிறது. "வீட்ல என்னை யாருன்னு கேக்குறா ரோஸ்விதா. போலீசைக் கூப்பிடுவேங்கிறா. இங்க வந்தா மட்டும் எக்பர்ட்டுன்னு கூப்பிடுறா. இந்த ஒரு இடம்தான். அதையும் புடுங்காதே."

ஊர்சுலாவை எனக்கு இளவயதிலிருந்தே தெரியும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹலினா வந்து என் பீன்ஸ் பாத்தி ஓரமாக நிற்பாள். கேள்வியே கேட்கமாட்டாள், சும்மா நிற்பாள். அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நான் எப்படி அந்தத் திரையை இழுப்பேன்? செய்யத்தான் போகிறேன் என்று எக்பர்ட்டிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. வேலியைக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டிவிட்டார், சரியாக என் இடுப்பளவுக்கு.

விழா ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. நல்ல வெயில். ஊதுகுழல் இசைக்குழு, வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேஜை, அதன்மேல் நுரை ஒயின் கோப்பைகள். தோட்டக்காரர்கள் எல்லோரும் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். வெறுங்கையோடு. எக்பர்ட் கடைசி வரிசையில் ஊர்சுலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்வென்யா நன்றாகப் பேசினாள். நூறு வருஷம், நான்கு தலைமுறை, ஒரே குடும்பம் என்றாள். கைதட்டினோம். பிறகு என்னைக் கூப்பிட்டாள். நான் ஹலினாவையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனேன். பலகைப் பக்கம் போகவில்லை. பையிலிருந்து கிண்ணத்தை எடுத்துக் கோப்பைகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்தேன்.

"இது என் பாத்தில கிடைச்சது," என்றேன். எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "இவங்க பேரு ஹலினா. இவங்க அம்மா மோத்ரியா லோர்பெக்ல வேலை பார்த்தவங்க, நம்மள மாதிரியே. சம்பளமில்ல, வெளியில போகமுடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மண்ணுலதான் படுத்துத் தூங்கியிருக்காங்க. இது என்னைக்குமே வெறும் புல்வெளியா இருந்ததில்ல. நான் அந்தத் துணியை இழுக்க மாட்டேன்."

இசைக்குழுவில் யாரோ இருமினார்கள். ஸ்வென்யாவின் முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் சிரித்தபடிதான் இருந்தாள். என் ஆட்கள் எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைந்தோம் என்று நினைத்தேன். எக்பர்ட் மனைவியை அழைத்துக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே போவது தெரிந்தது. எரிச்சலாக இருந்தது, அழுகையும் வந்தது.

அப்போது மூன்றாம் தோட்டத்து ஹைட்ரூன், ஒரு ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத பயந்தாங்கொள்ளி, கைப்பையைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜையில் கொட்டினாள். பொத்தான்கள். விரிப்பின்மேல் உருண்டு ஓடின. அவளுக்குப் பின்னால் ஒருவன் சட்டைப் பையிலிருந்து கரண்டி ஒன்றை எடுத்தான். வெறுங்கை என்று நான் நினைத்ததெல்லாம் பையிலும் மடிப்பிலும் ஒளித்து வைத்திருந்த கை. கொண்டுவராதவர்கள் தங்கள் தோட்டங்களுக்குத் திரும்பி ஓடினார்கள். பூட்டுகள் திறக்கும் சத்தம் கேட்டது. எண் பொறித்த தகடு, பல் உடைந்த சீப்பு, மரச்செருப்பின் அடிக்கட்டை. கோப்பைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். அடுத்தவர் கொண்டுவந்ததைப் பார்த்து ஒவ்வொருவரும் திகைத்துப் போனார்கள். தனக்கு மட்டும்தான் கிடைத்தது என்று எல்லோரும் இத்தனை வருஷம் நினைத்திருந்தார்கள்போல.

ஹலினா எதையும் தொடவில்லை. மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். லோர்பெக்காரர்களை இல்லை, எங்களை.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?" என்றாள்.

ஸ்வென்யாவின் தோள் லேசாகத் தளர்ந்தது. பழி அவளை விட்டு இறங்கி எங்கள்மேல் ஏறியதில் அவளுக்குக் கிடைத்த அந்தத் துளி நிம்மதியைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"தெரியும் ஹலினா. இங்க மண்வெட்டி புடிச்ச எல்லாருக்கும் தெரியும். எனக்கும்தான்." ஸ்வென்யா பக்கம் திரும்பினேன். "இப்ப உங்களுக்கும் தெரியும்."

அவள் வாயைத் திறந்தாள். ஆய்வாளர் என்ற சொல்தான் வந்திருக்கும். அதற்குள் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் பாதையில் கேட்டது.

எக்பர்ட்தான். கோட்டைக் கழற்றிவிட்டிருந்தார். கூடவே ஊர்சுலா, வண்டியின் ஒரு பிடியைத் தானும் பிடித்துக்கொண்டு. அவருடைய கொட்டகைச் சுவர் நெடுக ஜெரானியப் பூக்கள் தொங்கும். ஊரே நின்று பார்த்துவிட்டுப் போகும். அந்தத் தொட்டிகளின் அடிப்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, தொட்டிகளை மட்டும் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். எல்லாமே கிண்ணங்கள். தண்ணீர் வடிய நடுவில் துளை போட்டிருந்தார்; துளைக்குப் பக்கத்திலேயே சேவல் இருந்தது.

"எங்கப்பா காலத்துலேர்ந்து," என்றார் ஹலினாவிடம். "முதல் வருஷத்துலேர்ந்தே."

மேஜையில் இடமில்லை. அதனால் ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தட்டி, புல்லில் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தார். ஊர்சுலா எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவதோ நான்காவதோ கிண்ணத்துக்கு ஹலினாவும் குந்தி உட்கார்ந்து, கோட்டுக் கையால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள். வரிசை நுழைவாயிலை நோக்கி நீண்டது. அதன் முனையில் ஸ்வென்யாவின் வெள்ளைச் செருப்புகள் இருந்தன.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா," என்றார் எக்பர்ட், தலையை நிமிர்த்தாமல்.

அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். அவர் அந்த இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினார். வண்டி இன்னும் பாதிகூடக் காலியாகவில்லை.