இல்லை என்று போட்ட டிக்

“ஒவ்வொண்ணா சொல்லுக்கா, லைன் விட்டு விட்டு வருது,” என்றான் ரஃபி.

பாஜிலா பாலிசித் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, எண்களைத் தொலைபேசியில் வாசித்தாள். கூடத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் அவளுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவளைப் பெற்ற அத்தா ஷரீப் ராவுத்தர் நேற்று மதியம் மக்காவில் இறந்துபோயிருந்தார். உம்ரா யாத்திரை முடித்த மூன்றாம் நாள். ஜித்தாவில் வேலை பார்க்கும் தம்பி ரஃபி கூட இருந்தான். இன்று மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அங்கேயே அடக்கம்.

“கொடுத்து வச்ச மனுசன்,” என்றாள் மதீனா. தங்கை ஷர்மினுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையின் தாய். உத்தமபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். “அந்த மண்ணு கேட்டாலும் கெடைக்குமா? அழுகாதீகடி.”

காலையிலிருந்து எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் பாதி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் பாஜிலா தலையை ஆட்டினாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்,” என்றான் ரஃபி. “அத்தாவுக்கு முன்னாடி நெஞ்சுல ஏதும் பண்ணியிருந்துச்சா? படம் எடுத்தப்ப உள்ள ஸ்டென்ட் இருந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரு. இன்சூரன்ஸ்காரன் அதப் புடிச்சுக்கிட்டான். நான் இல்லவே இல்லைன்னு காலையில இருந்து சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“இருந்துச்சு,” என்றாள், வாயை ரிசீவரோடு சேர்த்துவைத்து.

“எப்ப?”

“ரெண்டு வருசமாச்சு. கண்ணு ஆபரேசன்னு சொன்னோம்ல, அப்ப.”

வெளிநாட்டில் தனியாக இருக்கிற பிள்ளையை எதற்கு வெசனப்படுத்த வேண்டும் என்று அன்று எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். ஊருக்கும் அதையே சொன்னார்கள். மதுரைக்குப் போனால் கண் ஆபரேஷன் என்று சொல்வதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அத்தா ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேங்காய் மண்டியில் உட்கார்ந்திருந்தார். “ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, எல்லாக் காயும் முத்தலாத் தெரியுது,” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். சரக்கில் அழுகல் இருந்தால் வாங்க வந்தவனுக்கு அவரே எடுத்துக் காட்டுவார். அந்த ஒரு வாரமும் யாராவது கண்ணைப் பற்றி விசாரித்தால் அவர் பதில் சொல்லாமல் பேரேட்டைப் புரட்டுவார்.

“ஃபாரத்துல இல்லைன்னு டிக் அடிச்சிருக்கு,” என்றான் ரஃபி. “யாருக்கா அடிச்சது?”

மதீனாவின் விரல் யாசீன் கிதாபின் ஒரு வரியில் நின்றிருந்ததை பாஜிலா பார்த்தாள்.

“கையெழுத்து அத்தாவோடது,” என்றாள்.

“அத்தாவா?”

அவள் பாலிசித் தாளை நாலாக மடித்தாள்.

“சரி. வச்சிர்றேன்,” என்றான். குரல் மாறியிருந்தது.

தொலைபேசியை வைத்தபிறகும் அந்த ‘அத்தாவா’ காதில் இருந்தது. அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. கையெழுத்து அவருடையதுதான். அவர் மறுத்துப் பேச இனி வரப்போவதில்லை என்பதை நேற்று மதியத்திலிருந்து இப்போதுதான் முழுதாக உணர்ந்தாள். பழியை அவர் மேல் போட்ட நேரத்தில்தான் அது உறைத்தது என்பதை நினைத்துக் கூசினாள்.

உம்ராவுக்குப் பதியப் போன டிராவல்ஸ் கடை கம்பம் மெட்டு ரோட்டில் இருந்தது. நடத்துவது மதீனாவின் தம்பி அஸ்லம். வேறு கடைக்குப் போயிருக்கலாம். சம்பந்தம் பேசிய இடத்தைத் தாண்டிப் போனால் நன்றாக இருக்காது என்று அங்கேயே போனார்கள். அஸ்லம் ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடையில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, சத்தமாகக் கேட்டான். “மாமுவுக்கு சுகர் இருக்கா? பிரஷர்? ஹார்ட்ல ஏதும்?”

அத்தா வாயைத் திறந்தார். அதற்குள் பாஜிலா, “இல்ல. ஒண்ணும் இல்ல,” என்றாள்.

நெஞ்சடைப்புக்காரர் அவசர அவசரமாகப் பெண்ணைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று மதீனா வீட்டில் பேச்சு வரும். அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் பெரிதாக இருந்தது. அஸ்லம் பேனாவை நீட்டினான். அவளே டிக் அடித்தாள். அத்தா அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். மூத்த மகள், டீச்சர், நாலு பேர் முன்னால் சொன்ன சொல். அதை அந்த இடத்தில் பொய்யாக்க அவருக்கு மனம் வரவில்லை.

பாலிசி வந்த பிறகு பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை அவள்தான் அவருக்குத் தமிழில் சொன்னாள். எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்ற பட்டியல். “யுத்தத்துல அடிபட்டா கெடையாதாம். மலையேறி விழுந்தா கெடையாதாம். பிரசவத்துக்குக் கெடையாதாம்.”

“அப்ப பிரசவத்த இங்கனயே முடிச்சுட்டுப் போகணும்,” என்றார் அத்தா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பட்டியலில் முதலாவதை பாஜிலா வாசிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த நோய், அதனால் வரும் எதுவும்.

கிளம்புகிற அன்று மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். “அத்தா, அங்கன ஆஸ்பத்திரின்னு போக வேண்டி வந்தா, முன்னாடி ஒண்ணும் இல்லைன்னே சொல்லுங்க. மாத்தி சொன்னா இன்சூரன்ஸ் கெடைக்காது.”

“அல்லா வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டாம்மா?”

அவள் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

மூன்றரை மணிக்கு மறுபடி மணி அடித்தது. ஷர்மின் எடுத்தாள். “அண்ணன். கபுருஸ்தான்ல இருந்து பேசுறாக. அம்மாட்ட குடுக்கச் சொல்றாக,” என்று ஒயரை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். வெள்ளைச் சேலையில் அம்மா, கணவனை இழந்தவளின் தனிமையான இத்தாவுக்கு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மதீனா, அம்மாவின் முதுகைத் தடவியபடி.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “குழிக்குள்ள எறக்கிட்டாகளாம்,” என்று சொல்லி ரிசீவரை பாஜிலாவிடம் நீட்டினாள்.

“அக்கா,” என்றான் ரஃபி. பின்னால் அரபியில் யாரோ அவசரப்படுத்தினார்கள். “முன்னாடி நெஞ்சுல ஏதும் பண்ணுச்சான்னு டாக்டர் அத்தாட்ட மூணு தடவ கேட்டாரு. மூணு தடவயும் இல்லைன்னாக. டப்பாவுல என்ன மாத்திரைன்னு நான் கேட்டேன். கண்ணுக்குன்னாக. அதச் சொல்லிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாக. ஆஸ்பத்திரில வாயுக்குன்னு ஊசி போட்டு ஓரமாப் படுக்க வச்சுட்டாக. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் நெஞ்சப் படம் எடுத்தாக. அத்தா இப்பிடிச் சொல்ற ஆளா? எனக்குப் புரியல.”

மதீனா அம்மாவின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் தடவுவது நின்றிருந்தது. வாசலில் ஷர்மின் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாந்தான் எழுதுனேன்,” என்றாள் பாஜிலா. குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. “டிக் போட்டது நான். அவுக சொல்ல வந்தாக, நான் விடல. அங்கன கேட்டாலும் இல்லைன்னு சொல்லுங்கன்னு சொல்லிவிட்டதும் நாந்தான். அத்தா எனக்காகச் சொல்லியிருக்காக ரஃபி.”

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஷர்மின் ஒயரைக் கீழே விட்டாள். ரஃபி திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள்.

“மண்ணு போடக் கூப்புடுறாக,” என்றான்.

கைபேசி எதிலோ உரசியது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் போல. துணியின் சரசரப்பு. பிறகு மணல் விழுகிற சத்தம், மெல்லிதாக. ஒரு பிடி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பிடி. மூன்றாவது விழுந்ததும் அவன் விலகி நடக்கிற காலடி கேட்டது. அடுத்தவர் போட்ட மண் தூரத்தில் கேட்டது. அதற்கடுத்தவர் போட்டது இன்னும் தூரத்தில்.

அவன் போனை எடுத்துப் பேசவில்லை. துண்டிக்கவும் இல்லை. பாஜிலா ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.