பரந்தாமன் கொலைகாரனா, இல்லையா?

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: எனக்கு வலை பொத்த வராது. வந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

1993இல், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடலுக்குப் போக முடிந்த நாட்கள் குறைவு. கிழிந்த வலைகள் மட்டும் குறையவில்லை. பின்னேரங்களில் பெண்கள் செபஸ்தியம்மா வீட்டு முற்றத்தில் கூடி அவற்றைப் பொத்துவார்கள். நான் பொத்திய இடத்தால் மீன் குடும்பத்தோடு வெளியேறும் என்று சொல்லி, ஊசியைப் பறித்துவிட்டு ஒரு நாவலைத் தந்தார்கள்.

“சிசிலியா, நீ வாசி.”

ஆகவே தொடக்கம்: மாலைச் சூரியன் எங்கள் பண்ணைக் கடலைப் பொன்னாக்கிக்கொண்டிருந்தபோது...

(வேண்டாம். அப்போது மூன்று மணி. வெயில் மண்டையைப் பிளந்தது.)

2

அது அட்டை கிழிந்த மர்ம நாவல். கதாநாயகன் பரந்தாமன், ஓய்வுபெற்ற வக்கீல். மனைவி வைத்த ரசத்தை அவள் கண்முன்னே வாசலில் ஊற்றுவான், அயலவரின் கடிதங்களைப் பிரித்துப் படிப்பான், நாயை உதைப்பான். அவனுடைய கூட்டாளி ஒருநாள் கிணற்றில் பிணமாக மிதக்கிறார். மூன்றாம் அத்தியாயத்திலேயே முற்றம் தீர்ப்பளித்துவிட்டது.

“உவன்தான் செய்தவன்,” என்றார் செபஸ்தியம்மா. “உவன்ரை வாயே சொல்லுது.”

“வாய் கெட்டவன் எல்லாம் கொலைகாரனே?”

கேட்டது தென்னோலைக் கிடுகு வேலி. வேலிக்கு அப்பால் இருந்தவர் யாகோப்பு, செபஸ்தியம்மாவுடைய கணவரின் தம்பி. நாலு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.*

*காரணம்: கணவர் சூசைதாசன் கடலில் இறந்தபோது, செத்தவீட்டில் தம்பி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. “உந்த எஞ்சினோடை போகாதையெண்டு சொன்னனான், அண்ணை கேக்கேல்லை” என்று மட்டும் சொன்னார். (இதை அடிக்குறிப்பில் ஒளித்திருக்கக் கூடாது. என்ன செய்ய, சிரிக்கிற கதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.)

3

“சிசிலியா, வேலிக்குச் சொல்லு, நாயை உதைக்கிறவன் மனுசனையும் உதைப்பான்.”

“சிசிலியா, முத்தத்துக்குச் சொல்லு, உதைக்கிறது வேறை, கிணத்துக்கை தள்ளுறது வேறை.”

நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். வலை பொத்திக்கொண்டிருந்த மார்கிரட் சிரித்த சிரிப்பில் ஊசியைத் தொலைத்துவிட்டார்.

(யாகோப்புவை நல்லவராக எழுத மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் நடுவில் யாரையாவது ஏசிக் கெடுத்துவிட்டார்.)

ஒன்பதாம் அத்தியாயம் கூட்டாளியின் இறுதிச் சடங்கு. எல்லோரும் அழ, பரந்தாமன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான்.

செபஸ்தியம்மா எழுந்துவிட்டார். வேலியைப் பார்த்து நேராகவே கேட்டார்.

“நீ ஏன் அழேல்லை?”

கேள்வி பரந்தாமனுக்கு அல்ல. முற்றத்தில் எல்லா ஊசிகளும் நின்றன. வேலிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

“அழத் தொடங்கியிருந்தா நிப்பாட்டியிருக்க மாட்டன், மச்சாள். அண்ணையின்ரை பெட்டி தூக்க ஆள் வேணுமே.”

செபஸ்தியம்மாவின் முகம் அப்போது...

(இங்கே ஒன்பது வரிகள் இருந்தன. அடித்துவிட்டேன். அவர் மூக்கைச் சிந்தினார், அவ்வளவுதான்.)

“நாளைக்குப் படலையாலை வா, யாகோப்பு,” என்றார். “வேலி கதைச்சா சனம் சிரிக்கும்.”

4

மறுநாள் கடைசி அத்தியாயம். அதை நான் காலையிலேயே களவாக வாசித்திருந்தேன். பரந்தாமன்தான் கொலைகாரன். சந்தேகமே இல்லை.

யாகோப்பு படலையைத் திறந்து உள்ளே வந்து, கவிழ்த்த பனையோலைக் கடகத்தில் அமர்ந்திருந்தார். செபஸ்தியம்மா பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொடுத்தார். பிறகு இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தை விரித்தேன்.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) அச்சில் உள்ளபடியே வாசித்தேன்.

ஆ) கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். பரந்தாமன் நிரபராதி, மனைவியின் காலில் விழுந்து தேம்பித் தேம்பி அழுகிறான்.

எது நடந்தது என்று சொல்லமாட்டேன். வாசித்து முடித்ததும் நான் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

“சீ! உவன் அப்பிடிச் செய்யிற ஆளே இல்லை,” என்றார் யாகோப்பு.

“ஓம்,” என்றார் செபஸ்தியம்மா. “எழுதின ஆளுக்கு விசர்.”

நாலு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். அந்தப் பைத்தியம் பரந்தாமனைப் படைத்தவரா, நானா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.