நோன்பு வாய்

விளக்கை அணைத்துப் படுத்ததும் என் நாக்கு தானாக வேலையை ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு பல்லாகத் தள்ளிப் பார்க்கும். கீழ் வரிசையில் முன்னால் இருக்கும் நான்கும் லேசாக அசைகிற மாதிரி இருக்கும். நிஜமாகவே அசைகிறதா, நான் தள்ளுவதால் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியாது. மறுபடி தள்ளுவேன். இந்த வருட ரமலானில் என் இரவுகள் இப்படித்தான் போயின.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல், ஊறுகாய் பாட்டில்களுக்குப் பின்னால், மூடி போட்ட ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா உண்டு. ராத்திரியில் என் அம்மாவின் பற்கள் அதற்குள் தண்ணீரில் கிடக்கும். அம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு.

நான் ஆறாவது படிக்கும்போது தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் போய் வந்தாள். பல தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவாள். கடைசியில் ஒரு பல்லும் இல்லை. பல்செட்டு வருவதற்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவள் என்னோடு பேசவில்லை. என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தது, மாவில் தண்ணீர் ஊற்றியது என்று என் தப்புகளை எல்லாம் மனதுக்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் யாரோடும் பேசவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

செட்டு விஷயம் அத்தாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சொந்தக்காரர் வீட்டில் நோன்பு திறக்கும்போது அம்மா பேரீச்சம்பழத்தைக் கடிக்க மாட்டாள். விரலால் பிய்த்துப் பிய்த்து வாயில் போடுவாள். "ஜஹீரா எவ்ளோ நாசூக்கா சாப்புடுது பாரு" என்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

இந்த வருடம் முதல் நோன்பன்று காலை ஆறு மணிக்கு, பள்ளிக்குக் கிளம்ப பிரஷ் பண்ணிக்கொண்டிருந்தேன். துப்பியபோது நுரை சிவப்பாக இருந்தது. முன்பும் எப்போதாவது அப்படி வந்ததுண்டு. ஆனால் நோன்போடு வந்தது இதுதான் முதல் தடவை.

"அம்மா, ரத்தம்! கொஞ்சம் உள்ள போயிருக்குமோ? என் நோன்பு?"

அம்மா ஓடிவந்து பிரஷ்ஷைப் பிடுங்கினாள். "நோன்பு வெச்சிக்கினு யாருடி இத போட்டுக் குத்தச் சொன்னது? ரத்தத்த முழுங்கினா நோன்பு போச்சு. விட்டுடு. விரலால லேசா ஒரு இழுப்பு இழு, போதும். உன்ன வயித்துல வெச்சிருக்கும்போது எனக்கும் நோன்புல இப்டித்தான் வந்துச்சு. பிரஷ்ஷ தொடாம வுட்டேன். அடங்கிப்போச்சு."

நான் விட்டேன். காலையில் மட்டுமல்ல, ராத்திரியும் விட்டேன். தொட்டால்தானே வருகிறது, தொடாவிட்டால் வராது. கணக்கு சுலபமாக இருந்தது. ஐந்தாறு நாளில் வாயில் ஒரு வாடை வந்தது. அதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. "நோன்பாளி வாய் வாடை அல்லாவுக்குக் கஸ்தூரிய விட ஒசத்தி. அதப் போய் அசிங்கமா நெனைக்காத." எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. கஸ்தூரி எப்படி மணக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஷர்மிளாதான் முதலில் மூக்கைப் பிடித்தாள். "ஏய் ஷபீனா, போன வருஷமும்தான் நீ நோன்பு இருந்த. அப்பல்லாம் இப்டி இல்லடி. எலி ஏதாவது செத்துக் கெடக்கா பாரு உள்ள."

"போடி. இது நோன்பு வாசனை."

"அப்போ உங்க சாமிக்கு ரொம்பப் பொறுமைதான்."

சிரித்தேன், கையால் வாயை மூடிக்கொண்டு. மூடிய பிறகுதான் உறைத்தது. அது அம்மா சிரிக்கும் விதம்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பல் மருத்துவ முகாம். ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஹவுஸ் சர்ஜன்கள் வந்து, ட்ராயிங் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த டாக்டரின் கோட்டில் மஹாலட்சுமி என்று பெயர். எங்களைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும்.

"மேடம், எனக்கு நோன்பு" என்று வாயைத் திறக்காமலே சொன்னேன்.

"நான் ஒண்ணும் உள்ள போட மாட்டேம்மா. கண்ணாடி வெச்சுப் பாக்கறேன், அவ்ளோதான். எது வந்தாலும் துப்பிடு. டிஷ்யூ இருக்கு."

திறந்தேன். மெல்லிய கம்பி போன்ற ஒன்றை ஈறின் ஓரத்தில் வைத்தார். அழுத்தவில்லை. ஆனாலும் வாயில் உப்பு தட்டியது. டிஷ்யூவில் துப்பினேன்.

"பிரஷ் பண்ணி எத்தன நாளாச்சு?" வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"டெய்லி பண்றேன் மேடம்."

"ஷபீனா, நான் உங்க மிஸ் இல்ல. மார்க் போட மாட்டேன்."

சொல்லிவிட்டேன். நோன்பு, ரத்தம், விரல், நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவும் இப்படியே பிரஷ்ஷை விட்டது, எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. "ரத்தம் வருதுன்னு விட்ட. விட்டதால இன்னும் ரத்தம் வருது. ஈறு ஓரத்துல அழுக்கு ஒக்காந்திருக்கு, அதனாலதான் ஈறு வீங்குது. அங்க தேய்க்காம விட்டா அழுக்கு காரையா இறுகிடும். அப்புறம் பிரஷ்ஷுக்கே வராது. ஈறு எறங்கும், உள்ள எலும்பு கரையும். பல்லுல ஒரு சொத்தை இருக்காது. ஆனா முழுப் பல்லும் ஆடி ஆடி விழும்."

"எங்கம்மாவுக்கு அப்டித்தான் மேடம். எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "எல்லாமேவா? அம்மாவுக்கு என்ன வயசு?"

சொன்னேன்.

"கர்ப்பமா இருக்கும்போது நெறைய பேருக்கு ஈறுல ரத்தம் வரும். நல்லா தேய்ச்சா சரியாயிடும். ஏம்மா, பிரஷ் பண்ணுங்கன்னு யாருமே அவங்களுக்குச் சொல்லலையா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கையிலிருந்த டிஷ்யூவை மடித்து மடித்துச் சிறிதாக்கினேன்.

உன் பல் இப்போதைக்கு ஆடவில்லை, பயப்படாதே என்றார். காரையை எடுக்கப் பெருநாள் கழித்துக் கல்லூரிக்கு வந்தால் போதும், ஆனால் பிரஷ்ஷை இன்றைக்கே ஆரம்பித்துவிடு, விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்டதும் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை, நோன்புக்கும் இடைஞ்சல் இல்லை என்றார். ஒழுங்காகத் தேய்த்தால் பத்து நாளில் ரத்தம் குறைந்துவிடுமாம். ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்தோடு அதைப் பள்ளியில் கொடுக்க வேண்டும்.

அட்டையைக் கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்குள் வைத்தேன். சனி, ஞாயிறு, திங்கள், அது அங்கேயே இருந்தது. நான் பிரஷ்ஷையும் தொடவில்லை. தொட்டால் அம்மா ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், அவள் பல் எப்படிப் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக அது நசீப், தலையெழுத்து என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அத்தாவிடம் கையெழுத்து வாங்கிவிடலாம்தான். ஆனால் அத்தா எதையும் அம்மாவிடம் கேட்காமல் செய்ய மாட்டார். நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். திங்கள் ராத்திரி நாக்கு மறுபடி அந்த நான்கு பற்களிடம் போனது. ஆடவில்லை என்று டாக்டர் சொன்னது இருட்டில் உதவவில்லை. இப்போதைக்கு என்ற வார்த்தைதான் திரும்பத் திரும்பக் கேட்டது.

மூன்று மணிக்கு அடுப்படியில் விளக்கு எரிந்தது. எழுந்து போனேன்.

அம்மா சஹருக்கு உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தாள். செட்டு இன்னும் டப்பாவில்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் கை வாய்க்குப் போனது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னாடி இந்நேரத்துல? அலாரம்கூட அடிக்கல. போய்ப் படு." செட்டு இல்லாத அவள் குரலில் காற்று அதிகம்.

"இதுல கையெழுத்து போடணும்மா. இன்னிக்குத்தான் கடைசி."

அட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எப்போ குடுத்தாங்க?"

"வெள்ளிக்கிழம."

"நாலு நாளா உள்ள வெச்சிருந்தியா? ஏன், அடிப்பேன்னா?"

"நீ கஷ்டப்படுவேன்னு."

"நான் எதுக்குக் கஷ்டப்படணும்? பல்லு உன்னுது."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவளைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். ஆனால் விட முடியாத இடத்தில் அது இருந்தது.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "எவ அவ? ரத்தம் ஒழுகற எடத்துல பிரஷ்ஷ வெச்சுத் தேய்க்கச் சொல்றா? கால்ல புண்ணு வந்தா அதையும் போட்டுத் தேய்ப்பாளாமா? படிச்சா போதும், என்ன வேணா சொல்லலாம்."

"இது அடிபட்ட புண்ணு இல்லம்மா. அழுக்கு ஒக்காந்ததால வர்ற புண்ணு. அத எடுத்தாதான் ஆறும்."

"ரொம்பத் தெரிஞ்சவ."

கிழங்கைக் கிளறினாள். ஒரு பக்கம் தீய்கிற வாசனை வந்தது. அடுப்பைக் குறைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தேய்ச்சா எத்தன நாள்ல நிக்குமாம்?"

"பத்து நாள்ல கொறஞ்சிடுமாம்."

"பத்து நாளு." கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் பதினோரு வருஷம் விரலால தேய்ச்சேன்டி."

"உன்னாலன்னு டாக்டர் சொல்லலம்மா. அது வந்து... சில பேருக்கு ஒடம்பு வாகு..."

"பொய் சொல்லாத. நோன்பு வெக்கப் போற வாய்."

அவள் என் பக்கம் திரும்பினாள். கை வாயில் இல்லை. செட்டு இல்லாமல் அம்மா முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. கன்னம் உள்ளே போய், உதடு மடிந்து, அவளைவிட இருபது வயது மூத்த ஒருத்தி நின்றாள். கண் மட்டும் அம்மாவுடையது.

"எங்கிட்ட யாருமே சொல்லலடி. புடுங்கினாரே, அந்த டாக்டர்கூட சொல்லல. தொற, மூடு. தொற, மூடு. அவ்ளோதான் பேச்சு. நானும் கேக்கல. எல்லாத்துக்கும் மேல, உனக்கும் அதயே சொல்லிக் குடுத்திருக்கேன் பாரு."

அத்தாவின் நோக்கியாவில் அலாரம் அடித்தது. அவர் லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா, தாயும் மகளும் ராவோட ராவா மாநாடு போட்டுக்கினு கீறீங்க?" அதற்குள் அம்மா முகம் அவர் கண்ணில் பட்டது. தட்டுகளை எடுத்து வைத்தார்.

சாப்பிடும்போதும் அம்மா செட்டைப் போடவில்லை. மறந்தாளா, வேண்டாம் என்று விட்டாளா தெரியாது. கிழங்கை மசித்துச் சோற்றோடு விழுங்கினாள். அத்தா தன் தட்டிலிருந்த கிழங்கையும் மசித்து அவள் பக்கம் தள்ளினார். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அட்டையில் அம்மா கையெழுத்துப் போட்டாள். ஜஹீரா என்று, ஒவ்வொரு எழுத்தாக.

நோன்பு தொடங்கும் பாங்குக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. விருந்தாளிகளுக்காக வாங்கி வைத்திருந்த புது பிரஷ் ஒன்றைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். "சீக்கிரம். டைம் இல்ல."

வாஷ்பேசின் முன்னால் நின்று தேய்த்தேன். டாக்டர் சொன்னபடி ஈறு ஓரத்தில், மெதுவாக. எரிந்தது. நுரை உடனே சிவந்தது. கண்ணாடியில் அம்மாவின் கை என் பிரஷ்ஷை நோக்கி வருவதைப் பார்த்தேன். அது பாதி வழியில் நின்றது. பிறகு குழாயைத் திறந்தது.

"துப்பு. முழுங்காத. துப்பு. இன்னொரு தடவ."

"அம்மா, நெறைய வருது."

"வரட்டும். பின்னாடி பல்லு விட்டுட்ட பாரு. அங்கயும் போ."

நான் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போது அவள் போய் நீல டப்பாவைக் கொண்டுவந்தாள். என் பழைய பிரஷ்ஷை எடுத்தாள். டப்பாவிலிருந்து செட்டை எடுத்து, என் பக்கத்தில் நின்றபடியே, சோப்பு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். முதுகைக் காட்டிக்கொள்ளவில்லை.

"இத தெனம் தேய்க்கணும்னாங்க. நான் வெறும் தண்ணிலதான் போட்டு வெச்சேன். பிரஷ்ஷப் பாத்தாலே எரிச்சலா வரும்."

செட்டைக் கழுவி வாயில் பொருத்தினாள். முகம் பழையபடி அம்மாவானது. கடைசியாக ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு என்னிடமும் டம்ளரை நீட்டினாள்.

"பெருநாள் முடிஞ்சு எந்த எடத்துக்கு வரச் சொன்னா அவ?"

"காலேஜுக்கு. நான் ஷர்மிளாவோட போயிட்டு வரேன்மா. நீ வேணாம்."

ஐந்து வருடமாக அம்மா தாம்பரத்தில் அந்தத் தெரு வழியாகக்கூட நடந்ததில்லை. பல் டாக்டர் போர்டைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள்.

"ஷர்மிளா எதுக்கு? நானே வரேன். பத்து நாள்ல நிக்கலன்னா அவள நாலு வார்த்த கேக்கணும்."

"நின்னுட்டா?"

பாங்கு கேட்க ஆரம்பித்தது. அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். என் டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"நின்னுட்டாலும் கேக்கணும்" என்றாள். "இத சொல்ல ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்கன்னு."